ஐயக்கிளவியும் இயற்பியலும்: தீராத வினாக்களைத் தமிழில் பெயர்த்தல்

1. முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், விதுரையை அடுத்துக் கல்லாறு என்னும் சிற்றூர் உள்ளது. வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதியாகிய ஓர் ஓடை உருண்டை உருண்டையான கற்களின்மேல் பாய்ந்து வருவதால் ஆற்றுக்கும் ஊருக்கும் அப்பெயர் அமைந்தது. தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் அகராதியின் துணையின்றியே பொருள் விளங்கும் பெயர் இது. மேட்டுப்பாளையத்திற்கு அப்பால் நீலகிரியின் அடிவாரத்திலும் இதே பெயருடைய ஊர் உண்டு. கல் நிறைந்த ஆறு எங்கெல்லாம் உள்ளதோ அங்கெல்லாம் இப்பெயர் தோன்றலாம். இலக்கண நூலார் இதனைக் காரணப்பொதுப்பெயர் என்பர்.

கல்லாற்றுக்கு அண்மையில், விதுரையின் மருதாமலையில், 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் அமைந்துள்ளது. காரணம் கண்கூடாகத் தெரிவதால் பெயர் பெற்ற ஆற்றின் பக்கத்தில், காரணம் இன்னும் தெரியாத பொருள்களைப் பற்றிய இயற்பியல் கற்பிக்கப்படுகிறது. குவாண்டம் கோட்பாட்டில் அளத்தல் என்பது யாது, அண்டத்தின் பெரும்பகுதியாகக் கருதப்படும் காணாப் பொருள் யாது, நியூட்ரினோக்களின் நிறைவரிசை எத்தகையது என்பன இன்றும் முடிவு காணப்படாத வினாக்கள். இவற்றைத் தமிழில் சொல்லவேண்டிய மொழிபெயர்ப்பாளர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கிறார். முடிவு பெற்ற கருத்துக்குச் சொல் காண்பது வேறு. முடிவு பெறாத கருத்துக்குச் சொல் காண்பது வேறு. பின்னதில், தேர்ந்தெடுக்கும் சொல்லே வழக்கில் ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடக்கூடும்.

கலைச்சொல்லாக்கம் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் தூய்மை, எளிமை, சுருக்கம், ஒருசீர்மை ஆகிய அளவுகோல்களையே கைக்கொண்டுள்ளன. அவ்வளவுகோல்கள் வேண்டியவையே. எனினும், ஒரு சொல் தான் குறிக்கும் கருத்தின் முடிவுறா நிலையைக் காக்கிறதா என்னும் அளவுகோல் போதிய கவனம் பெறவில்லை. அதனை முன்வைத்து, வழக்கிலுள்ள சில இயற்பியல் கலைச்சொற்களை மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

2. பெயரிடும் மரபும் ஐயமும்

பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்து, ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு என விரித்தது நன்னூல். தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் நூறாண்டு வரலாற்றை இப்பகுப்பின் வழியே நோக்கலாம். 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வேங்கடசுப்பையரும் தொடங்கிய கலைச்சொல் முயற்சி, 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொற்கள், 1954 முதல் 1968 வரை பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம், பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியம் ஆகிய எல்லாவற்றிலும் ஒரு சாய்வு தெளிவாகத் தெரிகிறது. இயன்றவரை காரணப்பெயரே ஆக்கவேண்டும், படிப்பவர்க்குச் சொல்லிலிருந்தே பொருள் விளங்கவேண்டும் என்பதே அச்சாய்வு. தாய்மொழிவழிக் கல்விக்கு அது பெருந்துணை செய்தது. ஒளிச்சேர்க்கை, வெப்பநிலைமானி, நுண்ணோக்கி போன்ற சொற்கள் நிலைபெற்றது அதனால்தான்.

ஆயின் காரணம் அறியப்படாத பொருளுக்குக் காரணப்பெயர் இடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்குத் தொல்காப்பியத்தில் எதிர்பாராத ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் ஐயத்தின்கண் எவ்வாறு சொல்லவேண்டும் என்பதற்கு விதி வகுத்துள்ளது. தொலைவில், மங்கிய ஒளியில், ஏதோ ஒன்று தோன்றுகிறது. அது நட்ட கட்டையோ மனிதனோ தெரியவில்லை. உயர்திணைச் சொல்லால் சொன்னால் மனிதன் என முடிவு செய்ததாகும். அஃறிணைச் சொல்லால் சொன்னால் கட்டை என முடிவு செய்ததாகும். ஆகவே இருதிணைக்கும் உரிய உரு என்பது போன்ற பொதுச்சொல்லால் சுட்டலாம் என்பது நூற்கருத்து. பால் ஐயமாயின் பன்மையால் கூறுக என்பதும் அதனோடு இயைந்த விதியே.

இவ்விதியிலிருந்து இரண்டு செய்திகளைப் பெறலாம். ஒன்று, ஐயத்தை ஐயமாகவே சொல்லும் கடமை பேசுவோனுக்கு உண்டு; அதற்குரிய சொல்லும் மொழியில் உண்டு. மற்றொன்று இன்னும் நுட்பமானது. தொல்காப்பியம் கூறும் ஐயம் காண்போன் உள்ளத்தில் உள்ளது, பொருளில் உள்ளதன்று. அங்கே நிற்பது உண்மையில் கட்டை அல்லது மனிதன், இரண்டில் ஒன்றே. அருகில் சென்றால் ஐயம் நீங்கும். குவாண்டம் இயற்பியலில் நூறாண்டாக நடைபெறும் வழக்கின் மையம் இதுவே: அருகில் சென்றாலும் நீங்காத ஐயம் காண்போனுடையதா, பொருளினுடையதா?

3. நிச்சயமின்மை, ஐயப்பாடு, அறுதியின்மை

1927இல் வெர்னர் ஹைசன்பர்க் வெளியிட்ட கட்டுரையின் மையக்கருத்து, ஒரு துகளின் நிலையையும் உந்தத்தையும் ஒருங்கே எல்லையற்ற துல்லியத்துடன் வரையறுக்க இயலாது என்பது. மூலக் கட்டுரையிலேயே சொல்லாட்சி ஒருநிலைப்படவில்லை. துல்லியமின்மையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் மிகுதியாகவும், வரையறுக்கப்படாமையைக் குறிக்கும் சொல் சிலவிடத்தும், உறுதியின்மையைக் குறிக்கும் சொல் பின்னிணைப்பிலும் வருகின்றன. முதலாவது அளவியைப் பற்றியது. இரண்டாவது பொருளைப் பற்றியது. மூன்றாவது அறிவோனைப் பற்றியது. ஆங்கிலத்தில் 'அன்செர்ட்டன்ட்டி' என்பது பெருவழக்காகி நிலைபெற்றது. 'இன்டிடெர்மினசி' என்பது சிறுவழக்காக நின்றது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த மொழிகள் அனைத்தும் அந்தத் தேர்வின் சாய்வையும் சேர்த்தே பெற்றன.

தமிழில் நிச்சயமற்ற தன்மை, நிச்சயமின்மை, ஐயப்பாடு, உறுதியின்மை, அறுதியின்மை ஆகியன வழங்குகின்றன. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கருதி, எது தூயது, எது சுருக்கமானது என்று மட்டும் ஆராய்வது போதாது. பொருட்கூறுகளை நோக்கின் வேறுபாடு புலப்படும்.

ஐயப்பாடு உள்ளத்தின் நிலையை மட்டுமே குறிக்கும். கல்லுக்கோ துகளுக்கோ ஐயப்பாடு இராது. 'எலக்ட்ரானின் ஐயப்பாடு' என்னும் தொடரைத் தமிழ்ச் செவி, எலக்ட்ரானைப் பற்றி நாம் கொண்ட ஐயப்பாடு என்றே கொள்ளும். எனவே ஐயப்பாட்டுக் கொள்கை என்று பெயரிட்டவுடனே, எலக்ட்ரானுக்குத் துல்லியமான நிலையும் உந்தமும் உண்டு, நாம்தாம் அறியவில்லை என்னும் பக்கத்துக்குச் சொல் சாய்ந்துவிடுகிறது. இது ஒரு மதிக்கத்தக்க நிலைப்பாடே. டேவிட் போம் 1952இல் அமைத்த கோட்பாட்டில் துகளுக்கு எப்போதும் திட்டவட்டமான நிலை உண்டு. ஆயின் அது பல நிலைப்பாடுகளுள் ஒன்று. பாடநூலின் தலைப்பு அதனை முன்கூட்டியே வழிமொழிதல் கூடாது.

உறுதியின்மை இருபொருட்பட வருமேனும் வேறொரு குழப்பம் தருகிறது. தமிழில் உறுதி வலிமையையும் குறிக்கும். பொருளறிவியலில் உறுதி என்பதே ஒரு கலைச்சொல். உறுதியற்ற கட்டடம் போல உறுதியற்ற துகள் என்றால், சிதையக்கூடிய துகள் எனப் பொருள்படும்.

நிச்சயமின்மை பற்றித் தூய்மை நோக்கில் மட்டும் பேசுவோர் அதனை ஒதுக்குவர். ஆயின் பொருண்மை நோக்கில் அதற்கு ஒரு சிறப்பு உண்டு. 'நிச்சயமாகத் தெரியும்' என்னுமிடத்து நிச்சயம் அறிவைப் பற்றியது. 'திருமணம் நிச்சயமாயிற்று', 'நாள் நிச்சயிக்கப்பட்டது' என்னுமிடங்களில் அது பொருளின் நிலைப்பாட்டைப் பற்றியது. நாள் குறிக்கப்படும் முன்னர் யாரும் அறியாமல் ஒளிந்திருந்த நாள் ஏதும் இல்லை. இவ்விரு பொருளும் அச்சொல்லில் இயல்பாக உள்ளன. மலையாளம் அநிச்சிதத்துவம் என இதே வேர்ச்சொல்லை ஆள்வதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. தமிழ்ச்சொல்லே வேண்டுமெனின் அறுதியின்மை இப்பணியைச் செய்யும். அறுதியிட்டுக் கூறுதல் அறிவின் செயல்; அறுதி என்பது எல்லையும் முடிவும் ஆதலின் பொருளின் நிலையும் ஆகும். தொல்காப்பியர் கூறும் உரு என்னும் சொல்லைப் போல, அறுதியின்மை இரு பக்கத்துக்கும் பொதுவாய் நிற்கிறது.

இந்நுட்பம் சொல்லாராய்ச்சியளவில் நின்றுவிடுவதன்று. ஒரு துகளை ஒளியால் நோக்கும்போது ஒளியே அதனைத் தள்ளிவிடுகிறது, அதனால்தான் இரண்டையும் அறிய முடியவில்லை என்னும் விளக்கம் பள்ளிகளில் இன்றும் தரப்படுகிறது. ஹைசன்பர்க் தந்த எடுத்துக்காட்டும் இதுவே. ஆயின் கென்னார்டு 1927இலும் இராபர்ட்சன் 1929இலும் நிறுவிய சமனின்மை, அளவியின் தள்ளுதலைப் பற்றிப் பேசுவதன்று. ஒரே நிலையில் ஆயத்தம் செய்த பல துகள்களை அளந்தால் கிடைக்கும் மதிப்புகளின் பரவலைப் பற்றிப் பேசுவது. அளத்தற்பிழைக்கும் அதனால் நேரும் குலைவுக்கும் உள்ள தொடர்பு வேறொரு வினா. ஒசாவா 2003இல் அதற்குத் தனிச் சமனின்மை தந்தார். 2012இல் வியன்னாவிலும் டொராண்டோவிலும் அது சோதிக்கப்பெற்றது. பரவல், பிழை, குலைவு என மூன்று கருத்துகள் இருக்க, மூன்றையும் ஐயப்பாடு என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் தமிழ் மாணவர்க்கு இவ்விவாதத்தின் வாயிலே அடைபட்டுவிடும்.

4. நோக்கரும் நோக்கியும்

அளத்தல் பற்றிய வழக்கில் கேரளத்துக்கு நேரடியான பங்கு உண்டு. கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் 1931இல் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கிய இ. சி. ஜி. சுதர்சன், வைத்தியநாத் மிஸ்ராவுடன் இணைந்து 1977இல் குவாண்டம் கோட்பாட்டில் ஜீனோ முரண்பாடு பற்றிய கட்டுரையை வெளியிட்டார். நிலையற்ற ஓர் அமைப்பை இடைவிடாது அளந்துகொண்டே இருந்தால் அது தன் நிலையிலிருந்து மாறாது என்பது அதன் சாரம்.

இதனை விளக்க ஆங்கிலத்தில், பார்த்துக்கொண்டே இருந்தால் பானை கொதிக்காது என்னும் பொருளுடைய பழமொழியைக் கூறுவர். தமிழ்க் கட்டுரைகளிலும் இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தெழுதும் வழக்கம் உண்டு. இதில் குறை இரண்டு. ஒன்று, தமிழில் அது பழமொழியன்று. படிப்பவர் அதனை ஓர் அறிவியற் செய்தியாகவே எடுத்துக்கொள்ள நேரிடும். மற்றொன்று, ஆங்கிலப் பழமொழி காத்திருப்பவரின் பொறுமையின்மையைச் சொல்வது. கட்டுரை சொல்வதோ காலத்தைப் பற்றிய மனநிலையை அன்று, அமைப்பின் மாறாமையை. தமிழில் பழமொழி வேண்டாமலே இதனைச் சொல்லலாம்: அடிக்கடி அளந்தால் மாற்றம் தடைப்படும்.

இதனினும் பெரிய சிக்கல் அளப்பவரைக் குறிக்கும் சொல்லில் உள்ளது. 'அப்சர்வர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் இறுதியிலுள்ள விகுதி மனிதரையும் கருவியையும் ஒருங்கே குறிக்கவல்லது. தமிழில் இது நோக்கர், பார்வையாளர், காண்பவர் எனப் பெயர்க்கப்படுகிறது. அர், ஆளர், அவர் ஆகிய ஈறுகள் உயர்திணைக்கே உரியவை. ஆகவே தமிழில் 'நோக்கர் அளக்கிறார்' என எழுதும்போது பயனிலையும் உயர்திணையாகி, அளப்பது மனிதனே என்னும் முடிவு இலக்கண அளவிலேயே ஏற்பட்டுவிடுகிறது. மூலமொழியில் இல்லாத திணை மொழிபெயர்ப்பில் புகுந்துவிடுகிறது.

இது சிறு பிழையன்று. அளத்தலில் மனிதனின் உணர்வுக்குப் பங்கு உண்டா என்பது குவாண்டம் வழக்கின் கூர்மையான வினாக்களுள் ஒன்று. யூஜின் விக்னர் 1961இல் உண்டு என வாதிட்டு, பின்னாளில் அக்கருத்தைக் கைவிட்டார். நீல்ஸ் போர் சோதனைக் கருவிகளின் ஒட்டுமொத்த அமைப்பையே முதன்மைப்படுத்தினார். 1990இல் இட்டானோவும் குழுவினரும் ஏறத்தாழ 5,000 பெரிலியம் அயனிகளைக்கொண்டு ஜீனோ விளைவைச் சோதித்தபோது, அயனிகளை இடையிடையே அளந்தவை லேசர் துடிப்புகளே. சரிவு என்னும் கருத்தின் துணையின்றியே அச்சோதனையை விளக்கலாம் என மறுத்தோரும் உளர். எங்ஙனமாயினும் அங்கே நோக்கர் எவரும் அயனிகளை உற்றுப் பார்த்திருக்கவில்லை. நோக்கர் என்னும் சொல்லை மட்டும் கொண்டு படிப்பவர், மனத்தின் ஆற்றல் பருப்பொருளை மாற்றுகிறது என்று குவாண்டம் இயற்பியல் மெய்ப்பித்துவிட்டதாக நம்பிவிடுகிறார். இவ்வாறு நம்பி எழுதப்பட்ட நூல்கள் எல்லா மொழிகளிலும் உள. ஆங்கிலத்தில் அது தவறான வாசிப்பு. தமிழில் அதற்கு இலக்கணமே துணைநிற்கிறது.

தீர்வு தமிழிலேயே உண்டு. வினைமுதற்பொருளிலும் கருவிப்பொருளிலும் வரும் இகர விகுதி இருதிணைக்கும் பொது. 'வழிகாட்டி வந்தார்' என்றும் 'வழிகாட்டி கிழிந்தது' என்றும் கூறலாம். முன்னது மனிதர், பின்னது நூல். படகோட்டி மனிதர், நுண்ணோக்கி கருவி. எனவே நோக்கி என்னும் சொல் திணையை ஐயத்தில் நிறுத்தும் ஆற்றலுடையது. 'மலையை நோக்கி' என்னுமிடத்து வரும் எச்சத்தோடு அது மயங்கக்கூடும் என்பது ஏற்கத்தக்க தடையே. அளவுநோக்கி எனத் தொகைச்சொல்லாக்கின் அம்மயக்கம் நீங்கும். மனிதரென்பது மூலத்தில் வெளிப்படையாக உள்ள இடத்தில் மட்டும் நோக்கர் எனலாம்.

அலைச்சார்பின் சரிவு, குலைவு, வீழ்ச்சி என்னும் சொற்களும் மறு ஆய்வுக்குரியன. இவை இயற்கையில் நிகழும் ஒரு நிகழ்ச்சியைச் சுட்டுவன. எவரெட் 1957இல் அமைத்த விளக்கத்தில் அவ்வாறு எதுவும் நிகழ்வதில்லை. ஆயின் இங்கே சாய்வு ஆங்கில மூலத்திலேயே உள்ளது; தமிழ் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. இத்தகைய இடத்தில் சொல்லை மாற்றுவது மொழிபெயர்ப்பாளரின் பணியன்று.

5. கருமையும் இருளும்

விண்மீன் கூட்டங்களின் இயக்கத்தை விளக்க, காணும் பொருளின் நிறை போதாது என 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி எழுதினார். 1970களில் வேரா ரூபினும் பிறரும் விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அளந்து இக்குறையை வலியுறுத்தினர். 1998இல் தொலைதூர மீவிண்மீன் வெடிப்புகளை ஆராய்ந்தோர் அண்டத்தின் விரிவு விரைவுபடுவதைக் கண்டனர். இன்றைய கணக்கில் அண்டத்தின் ஆற்றல் உள்ளடக்கத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடே நாமறிந்த பொருள். 27 விழுக்காடு காணாப் பொருள். 68 விழுக்காடு விரிவை விரைவுபடுத்தும் ஆற்றல். பின்னவை இரண்டும் யாவை என்பது தெரியாது.

தமிழில் இவற்றைக் கரும்பொருள், கருப்பு ஆற்றல் என்றும், இருண்ட பொருள், இருள் ஆற்றல் என்றும் எழுதுகின்றனர். கரும்பொருள் என்பது தொல்காப்பியர் கூறும் கருப்பொருளோடு ஓரெழுத்தளவில் மயங்கும் என்பது வெளிப்படை. ஆழமான குறை வேறு. கருமை ஒரு நிறம். ஒளியை உறிஞ்சும் பொருளே கரியதாகத் தோன்றும். கருந்துளை என்னும் சொல் ஆகவே பொருத்தமானது. ஒளியை உள்வாங்கி மீள விடாதது அது. ஆயின் காணாப் பொருளோ ஒளியை உமிழ்வதும் இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. ஒளி அதனூடே தடையின்றிச் செல்கிறது. அதனைக் கரியது என்பது பொருந்தாது. கருந்துளை, கரும்பொருள், கருப்பு ஆற்றல் என ஒரே அடைமொழி மூன்றிலும் வருவதால் மூன்றும் ஓரினத்தவை என மாணவர் கருத இடமுண்டாகிறது.

மலையாளத்தில் கருந்துளைக்குத் தமோகர்த்தம், தமோத்வாரம் என்னும் சொற்கள் வழங்குகின்றன. காணாப் பொருளுக்கும் தமோ என்னும் அதே அடைமொழியே இடப்படுகிறது. தமஸ் நிறமன்று, இருள். ஆயின் ஆங்கிலம் இரு சொற்களால் பிரித்துச் சொல்வதை அது ஒன்றாக்கிவிடுகிறது. தமிழுக்கோ இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல வாய்ப்பு இயல்பாகவே உள்ளது. ஒளியை உறிஞ்சுவதற்குக் கருமை, அறியப்படாததற்கு இருள் எனக் கொள்ளலாம். கருந்துளை, இருட்பொருள், இருளாற்றல் என்பன தம்முள் முரணாதவை. 'அச்செய்தி இருளிலேயே உள்ளது' என்னும்போது இருள் அறியாமையைக் குறிப்பது தமிழில் இயல்பான வழக்கு. இருண்ட என்னும் பெயரெச்சமோ முன்னர் ஒளியுடன் இருந்து பின்னர் இருள் அடைந்தது எனக் காலம் காட்டுவதால் அதனைத் தவிர்த்தல் நன்று.

பொருள் என்று சொல்வதே ஒரு முடிவன்றோ என்னும் வினா எழலாம். மில்குரோம் 1983இல் முன்வைத்த மாற்றுக் கருத்தின்படி காணாப் பொருளே இல்லை. மிகச் சிறிய முடுக்கத்தில் இயக்கவிதி மாறுகிறது. ஆயின் பொருள் என்னும் முடிவு மூலச்சொல்லிலேயே உள்ளது. எனவே அதனைக் காத்து, மாற்றுக் கருத்தை விளக்கத்தில் தருவதே முறை. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் வெளியான விண்மீன் மண்டல ஆய்வு முடிவுகள் இருளாற்றல் காலத்தோடு மாறக்கூடும் எனக் குறிப்புக் காட்டியுள்ளன. இன்னும் உறுதிப்படவில்லை. மாறாமையைக் குறிக்கும் அண்டவியல் மாறிலி என்னும் சொல்லையும் இருளாற்றல் என்னும் சொல்லையும் தமிழ்க் கட்டுரைகள் ஒன்றற்கு ஒன்று மாற்றி எழுதலாகாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

6. நியூட்ரினோ ஆய்வகம்

இதுவரை கூறியவை பாடநூல், நூல் அளவிலான சிக்கல்கள். சொல் தெருவுக்கு வந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு.

1930இல் பவுலி தாம் கற்பித்த துகளுக்கு நியூட்ரான் என்றே பெயரிட்டார். 1932இல் சாட்விக் கண்டறிந்த கனமான துகளுக்கு அப்பெயர் அமைந்துவிட்டதால், பவுலியின் துகளை இத்தாலிய மொழியில் சிறுமைப்பொருள் விகுதி சேர்த்து நியூட்ரினோ என ஃபெர்மி வழங்கச் செய்தார். இத்தாலியருக்கு அது சின்னஞ்சிறு நொதுமற் பொருள் எனத் தெளிவாக விளங்கும். ஒலிபெயர்ப்பாகத் தமிழுக்கு வந்தபோது அச்சிறுமைப்பொருள் மறைந்து, நியூட்ரானை ஒத்த ஓசை மட்டுமே எஞ்சியது. நியூட்ரான் அணுகுண்டோடும் அணு உலையோடும் தொடர்புற்ற சொல். தமிழ்ச் செவிக்கு இரண்டும் ஒரு குடும்பம்.

தமிழர் வாழ்வில் இத்துகள் முற்றிலும் புதியதன்று. தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோக்கள் 1965இல் பதிவு செய்யப்பெற்றன. அதன் தொடர்ச்சியாகத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலையைக் குடைந்து, ஏறத்தாழ 50,000 டன் காந்தமேற்றிய இரும்பாலான உணர்கருவி அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் நடுவணரசு ஒப்புதல் அளித்தது. நியூட்ரினோக்களின் நிறைவரிசையை அறிவது அதன் முதன்மை நோக்கம். கடும் எதிர்ப்பு எழுந்தது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் ஒப்புதலை நிறுத்தி வைத்தது. 2022இல் தமிழ்நாட்டரசு திட்டத்தை ஏற்க இயலாதென உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. இதே வினாவை ஆராயும் சீனாவின் ஜூனோ நிலையம் 2025 ஆகஸ்டில் தரவு திரட்டத் தொடங்கியது.

ஆங்கிலத்தில் இத்திட்டத்தின் பெயர் 'அப்சர்வேட்டரி'. இயற்கையில் நிகழ்வதை வாளா நோக்கும் இடம் என்பது பொருள். தமிழ் நாளிதழ்களில் அது நியூட்ரினோ ஆய்வகம், நியூட்ரினோ ஆய்வு மையம் ஆயிற்று. தமிழில் ஆய்வகம் என்பது சோதனைச்சாலை; அமிலமும் நெருப்பும் வைத்து எதையோ செய்து பார்க்கும் இடமாகவே பள்ளியில் பயின்ற எவரும் அதனை அறிவர். விண்ணை நோக்கும் இடத்துக்கும் வேதிப்பொருளைக் கலக்கும் இடத்துக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தியதால், ஊர்மக்களின் முன் வைக்கப்பட்ட வினாவே திரிந்தது. கதிரவனிலிருந்து ஒவ்வொரு நொடியும் ஒரு சதுர சென்டிமீட்டர் வழியே ஏறத்தாழ 6,000 கோடி நியூட்ரினோக்கள் நம்மைக் கடந்துசெல்கின்றன. கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை செல்லும். நியூட்ரினோ ஆய்வகம் என்னும் தொடரோ நியூட்ரினோவை அங்கே உண்டாக்குவதாகவோ கொண்டுவந்து சேர்ப்பதாகவோ பொருள்படுகிறது. நியூட்ரினோ நோக்ககம் என்றிருப்பின் பேச்சு வேறிடத்தில் தொடங்கியிருக்கும்.

எனினும், எதிர்ப்பு முழுவதையும் சொல் மயக்கத்தின் விளைவாகக் கருதுவது நேர்மையாகாது. மேற்குத்தொடர்ச்சி மலையில் பாறையை வெடிவைத்துக் குடைதல், நீர்வளம், காட்டு விலங்குகளின் வழித்தடம், ஊராரைக் கலந்தறிதல் ஆகியவை சொல்லால் தோன்றியவை அல்ல. சொல்லால் தீர்வனவும் அல்ல. சொல் மயக்கத்தால் நேர்ந்த தீங்கு இருபுறமும் உண்டு. அறிவியலார் மக்களின் வினாக்கள் அனைத்தையும் கதிரியக்க அச்சம் என ஒதுக்க அது வழி செய்தது. மக்களோ தங்கள் வலுவான வினாக்களை வலுவற்ற வினாக்களோடு கலந்து கேட்க நேர்ந்தது. மலையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய நேரத்தில் பெரும்பகுதி துகளைப் பற்றிய பேச்சில் கழிந்தது.

7. தடைகளும் விடைகளும்

இவ்வணுகுமுறைக்கு மூன்று தடைகள் எழுப்பலாம்.

முதலாவது, கலைச்சொல் ஓர் அடையாளமே, பொருளைத் தருவது வரையறையும் கணிதமும் என்பது. பகுக்கமுடியாதது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் அணுவைக் குறித்துக்கொண்டே ஐரோப்பியர் அணுவைப் பகுத்தனர் அன்றோ? இத்தடை கணிதம் பயின்றாரளவில் செல்லும். ஏனையோர் கையில் இருப்பது சொல் மட்டுமே. மேலும் அணு பகுபட்டதில் இன்று வழக்கு இல்லை. எனவே சொல்லின் வேர்ப்பொருள் தீங்கு செய்வதில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும் கருத்திலோ சொல்லின் வேர்ப்பொருளும் சான்றாக எடுத்தாளப்படுகிறது.

இரண்டாவது, மூலமொழிகளே சாய்வுடையன என்பது. உண்மையே. ஆகவேதான் மூலத்தின் சாய்வையும் தமிழ் சேர்க்கும் சாய்வையும் பிரித்தறிதல் வேண்டும். சரிவு முன்னதற்கும், நோக்கர் பின்னதற்கும் எடுத்துக்காட்டு. மூலத்தின் சாய்வைக் காத்தலும், தமிழின் சாய்வை நீக்குதலுமே மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு.

மூன்றாவது, நிலைபெற்ற சொற்களை மாற்றினால் குழப்பம் விளையும் என்பது. இது மிகவும் மதிக்கத்தக்கது. பெருவெடிப்பு என்பது துல்லியமான சொல்லன்று. அதன் மூலச்சொல்லே அக்கோட்பாட்டை ஏற்காத ஃபிரெட் ஹாயில் 1949இல் வானொலி உரையில் கூறியது. எனினும் அது வேரூன்றிவிட்டது. அதனை மாற்ற முனைவது வீண். மாற்றம் வேண்டுவது பல சொற்கள் இன்னும் போட்டியிடும் இடங்களிலேயே. அறுதியின்மை, அளவுநோக்கி, இருட்பொருள், நோக்ககம் ஆகியன அத்தகைய இடங்கள்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால், முடிவுறாத அறிவியற் கருத்துகளைப் பெயர்க்குங்கால் கீழ்வருவன கருதத்தக்கன. காரணம் வழக்கில் இருக்கும்போது காரணப்பெயரைக் காணப்பட்டதிலிருந்து ஆக்குக, விளக்கத்திலிருந்து ஆக்கற்க. திணை, காலம், வினைமுதல் ஆகியவற்றைத் தமிழ் கட்டாயமாக வெளிப்படுத்தும் இடங்களில், மூலத்தில் அவை உள்ளனவா எனச் சோதிக்க. ஒன்றனைக் குறிக்கும் சொல் மூலத்தில் பலவாயின் தமிழிலும் பலவாகவே வைக்க. ஒலிபெயர்த்த சொல்லாயின் இழந்த பொருட்கூற்றை முதல் ஆட்சியிலேயே ஒரு தொடரால் ஈடுசெய்க.

திருவனந்தபுரம் திராவிட மொழியியலுக்கும் தமிழ் மொழியியலுக்கும் ஒரு நிலைக்களமாக விளங்கிய ஊர். அங்கிருந்து வந்த வ. அய். சுப்பிரமணியம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராய் 1981இல் பொறுப்பேற்றார். மொழியியலும் அறிவியல் தமிழும் ஒருங்கே வளரவேண்டும் என்னும் எண்ணம் இம்மரபில் உள்ளதே. மொழியியலார் கலைச்சொற்களின் ஒலியமைப்பையும் உருபனமைப்பையும் ஆராய்ந்த அளவுக்கு அவற்றின் பொருண்மையை இயற்பியலாரோடு இருந்து ஆராயவில்லை. விதுரையிலும் கல்லாற்றிலும் தமிழும் மலையாளமும் அறிந்த மாணவர்கள் இவ்வினாக்களை ஆங்கிலத்தில் பயில்கின்றனர். அவர்களையும் இரு மொழியியலாரையும் ஒரே மேசையில் அமர்த்தி, அறுதியின்மையும் அநிச்சிதத்துவமும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என ஆராயச் செய்வது இயலாத செயலன்று.

கல்லாற்றுக்குப் பெயரிட்டவர் கல்லையும் ஆற்றையும் கண்ட பின்னரே பெயரிட்டார். இயற்பியலின் தீராத வினாக்களில் அவ்வாய்ப்பு நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. மங்கிய ஒளியில் தோன்றுவதை உரு என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் அடக்கத்தைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்துள்ளது. மொழிபெயர்ப்பாளர் அதனைக் கடைப்பிடித்தால், கட்டையா மனிதனா என்பதை நெருங்கிச் சென்று அறியும் உரிமை படிப்பவரிடமே இருக்கும்.